முதல் துணி

"வீட்டிலிருந்து கொண்டுவந்த துணி ஏதேனும் குழந்தையின் மேல் பட்டதா?"

அந்தப் படிவத்தில் இது பதினோராவது கேள்வி. 'இல்லை' என்று என் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, 'கால்நடை மருத்துவர், பணி நிறைவு' என்று பதவியையும் குறிப்பிட்டேன். அப்போது எனக்கு வயது அறுபத்திரண்டு. இப்போது எண்பத்தாறு. என் ஆயுளில் எழுதிக்கொடுத்துச் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஒன்றே போதுமானதாக இருந்தது.

என் பெயர் செங்கோடப்பன். காங்கேயம் வட்டாரத்தில் எங்கள் குடும்பத்தைத் தெரியாதவர்கள் குறைவு. வழக்கு, வம்பு என்றால் ஊர் எங்கள் வாசலுக்கு வரும். நாங்கள் யார் வாசலுக்கும் போய் நின்றதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது என் இரண்டாவது பொய்யாகிவிடும்.

எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. தலைப்பிள்ளை பிறந்ததும் அதை முதலில் கிடத்துவது குடும்பத்து மூத்த ஆண் கட்டிய வேட்டியில். புது வேட்டி கூடாது, துவைத்த வேட்டியும் கூடாது. முந்தின நாள் கட்டி அவிழ்த்ததாக இருக்க வேண்டும். என் பாட்டனாரின் வேட்டியில் நான் கிடந்தேன். என் தகப்பனாரின் வேட்டியில் என் மகன் நவநீதன் கிடந்தான். நான்கு தலைமுறையாக இது தவறியதில்லை.

நவநீதனுக்கு ஒரு பெண் குழந்தை வரவிருந்த காலத்தில் பிரசவம் என்பதே மாறிப்போயிருந்தது. என் மருமகள் தாரணிக்கு இதய வால்வில் கோளாறு. வயிற்றில் சுமந்தால் ஆபத்து என்றார்கள். ஆகவே கோவையில் ஒரு கருவளர் கூடத்தில், பேழைக்குள் குழந்தை வளர்ந்தது. அப்போதே பாதிப் பேர் அப்படித்தான் பெற்றுக்கொண்டிருந்தார்கள். கோளாறு இருந்தவர்களும் பெற்றார்கள், இல்லாதவர்களும் பெற்றார்கள்.

பேழையைத் திறக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு எங்களை அழைத்து உட்காரவைத்துப் பேசியவர் ஷகிலா பானு என்ற அதிகாரி. பிணைப்பு அறைக்கு அவர்தான் பொறுப்பு.

"வயித்துல இருக்கிற பாப்பா அம்மாவோட வாசத்துலயே ஊறிக் கெடக்கும் சார். பேழையில வளர்ற பாப்பாவுக்கு அந்தக் குடுப்பினை கெடையாது. அதனால வெளிய எடுத்ததும் மூக்குல ஒரு மருந்து அடிப்போம். அம்மாவுக்கும் அதே மருந்து. அதுக்கப்புறம் எந்த வாசம் முதல்ல படுதோ, அதுதான் அந்தப் பாப்பாவுக்கு அம்மா."

"தப்பான வாசம் பட்டுருச்சுன்னா?" என்று தாரணி கேட்டாள். அவள் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவாள். என் முன்னால் இன்னும் மெதுவாக.

"நாப்பது நாளுக்குள்ள கண்டுபிடிச்சா அழிச்சுட்டு மறுபடி போடலாம்மா. ஒரே ஒரு தடவை. யாரோட வாசம் பட்டுச்சோ அவங்க ஒரு வருஷம் பாப்பா பக்கமே வரக்கூடாது. நாப்பது நாள் தாண்டிட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. அதனாலதான் சொல்றேன், பூ வேணாம், திருநீறு வேணாம், சென்ட் வேணாம், வீட்டுத் துணி ஒரு நூல்கூட உள்ள வரக்கூடாது."

"எங்க வீட்ல ஒரு முறை இருக்குது" என்றேன் நான்.

"எல்லா வீட்லயும் இருக்கு சார். போன வாரம் ஒருத்தர் கழுதைப்பால் கொண்டு வந்தார். வெளியவே வெச்சுட்டுப் போயிட்டார்."

நவநீதன் சிரித்துவிட்டான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். என் வேட்டியைக் கழுதைப்பாலோடு சேர்த்துப் பேசிய அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நடந்ததில் பாதி அந்தக் கோபத்தால் நடந்தது.

ஷகிலா சொன்னது எனக்குப் புரியாத விஷயமல்ல. முப்பத்தைந்து வருடம் மாடுகளோடு இருந்தவன் நான். கன்று செத்துப்போன மாடு பால் இறக்காது. செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்து, பக்கத்தில் நிறுத்தினால் அதை நக்கிக்கொண்டே பால் கொடுக்கும். தாயில்லாத கன்றை வேறு மாட்டோடு சேர்க்க வேண்டுமானால், அந்த மாட்டின் பனிக்குட நீரை அதன் உடம்பில் தடவிவிடுவோம். ஈன்ற பத்து நிமிடத்துக்குள் தடவ வேண்டும் என்று பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். வீட்டுக்கு உறம்பரை, சொந்தக்காரர்கள் வந்தால் சாப்பாட்டு நேரத்தில் வைக்கோல் கன்றுக்குட்டிக் கதையைச் சொல்வேன். எல்லோரும் ரசித்துக் கேட்பார்கள். தாரணி பரிமாறிக்கொண்டே கேட்பாள்.

பேழை திறந்த அன்று நவநீதன் வெந்நீர் பிளாஸ்க் வைத்திருந்த கூடையின் அடியில் என் வேட்டி இருந்தது. பச்சைக் கரை போட்ட நாலு முழம். உள்ளே உதவியாளராக இருந்த ருக்குமணி எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண். அவள் தகப்பனின் காளைக்கு நான் ஒருமுறை வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

"பத்து நிமிசம் அம்மணி. கெடத்தி எடுத்தாப் போதும்" என்றேன்.

"அந்த மேடம் பாத்தா வேலை போயிருமுங்களே."

"நான் டாக்டரு. எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று அவள் கூடையை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த அறையில் தாரணி மூக்கில் மருந்தோடு, மேலாடையைத் தளர்த்தி, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். மருந்து பிடிக்க அவளுக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் என் பேத்தி என் வேட்டியில் கிடந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கையை விரித்து, கரையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டாள். நான்கு தலைமுறை ஐந்தானது என்று என் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு அவளைத் துடைத்துத் தாயிடம் கொண்டுபோனார்கள்.

குழந்தைக்குச் செவ்வந்தி என்று பெயர் வைத்தோம். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் தாயிடம் அடங்கவில்லை. தாரணி தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துவாள். மார்பில் வாய் வைக்கமாட்டாள். கூடத்தில் போட்ட ஊசியால் சுரந்த பால் கட்டி தாரணிக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து அவள் உடம்பை முழுவதும் திறந்து வைத்திருந்தது. வர வேண்டியவள் மட்டும் வரவில்லை. தொட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று, ரவிக்கை நனைய நனையப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் போய்த் தூக்கினால் செவ்வந்தி ஒரு விக்கலோடு நிறுத்திவிட்டுத் தூங்கிவிடுவாள்.

அதுவரை நான் எந்தக் குழந்தையையும் தூக்கியவனில்லை. என் மகனைக்கூட நடக்கத் தொடங்கிய பிறகுதான் தொட்டேன். அந்த இரண்டரைக் கிலோ என் நெஞ்சில் படுத்து மூச்சு விட்டபோது எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் ஷகிலா வீட்டுக்கே வந்தார்.

"பாப்பா வேற ஏதோ ஒரு வாசத்தப் புடிச்சிருக்கு சார். இன்னும் பதினோரு நாள் இருக்கு. சரி பண்ணிடலாம். ஆனா என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். துணி ஏதாவது உள்ள போச்சா?"

"போயிருந்தா?"

"போயிருந்தா அது எங்க தப்பு, உங்க தப்பு. அந்தம்மா மேல ஒண்ணுமில்லைன்னு எழுதிடுவோம். போகலைன்னா தாயோட உடம்புலதான் குறைன்னு பதிவாகும். அது லேசுல அழியாது சார். யோசிச்சுச் சொல்லுங்க."

வாசலில் நவநீதன் நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் ருக்குமணியின் வேலை போகும். அதை ஒரு காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செங்கோடப்பன் அழுக்கு வேட்டியைக் களவாக அனுப்பிப் பேத்தியைக் கெடுத்தான் என்று ஊர் பேசும். நான் ஒரு வருடம் அந்தக் குழந்தையைப் பார்க்காமல் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது அவளுக்கு என்னைத் தெரியாது.

படிவத்தை வாங்கினேன். பதினோராவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன்.

அதன்பின் வந்த நாட்களில் இரண்டு சின்ன விஷயங்கள் நடந்தன. ஒன்று, என் வேட்டிகள் காணாமல் போயின. பதினைந்து நாளில் நான்கு வேட்டி. இருபது வருடமாக எங்களுக்குத் துணி தேய்த்துக்கொடுத்த ராசுவைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவன் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தான். இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். இரண்டு, தாரணி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நிற்க ஆரம்பித்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க மாமா."

தினமும் அதே. இப்படி வந்து நிற்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். நாற்பதாம் நாளோடு அது நின்றது.

குழந்தைக்கு ஒரு வயதில் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். ஐந்நூறு பேர். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்தி முடித்ததும் தாரணி குழந்தையை வாங்கினாள். காது வலியில் அழுத குழந்தை அவள் கைக்குப் போனதும் இன்னும் அதிகமாக அலறியது. நான் கையை நீட்டினேன். என் தோளில் சாய்ந்ததும் அழுகை நின்றது. கூட்டத்தில் யாரோ "ஆத்தாகாரிகிட்ட அடங்கல பாரேன்" என்றார்கள். நான் சிரித்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "கொழந்தைக்கே தெரியுது, யாரு தன்னுதுன்னு."

அந்த வாரம் தாரணி தன் பெட்டியை எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். குழந்தையைக் கேட்டு வழக்குப் போட்டாள். அப்போது பிணைப்பு வாரியம் என்று ஒன்று இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை யாரிடம் அடங்குகிறதோ அவரிடம்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஆளுக்குப் பத்து நிமிடம் குழந்தையைக் கையில் கொடுத்து அதன் நாடித்துடிப்பைப் பார்த்தார்கள். தாரணியின் பத்து நிமிடத்தை மூன்றாவது நிமிடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அதோடு ஏற்கனவே அவள் பெயரில் குறை பதிவாகியிருந்தது. நான் வென்றேன். நவநீதன் இரண்டு வருடத்தில் வேலை தேடி வெளிநாட்டுக்கு, பெர்த் நகரத்துக்குப் போனான். வாரம் ஒருமுறை பேசுவான். தாரணி வருடத்துக்கு இரண்டு தடவை பார்க்க வந்தாள். நான்கு வயதில் செவ்வந்தி என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "இந்தம்மா எப்ப அப்பாரு போகும்?" என்று கேட்டாள். பாட்டனை அப்பாரு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதன்பின் அவள் வரவில்லை.

செவ்வந்தியை நான் வளர்த்தேன். என் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். நன்றாகப் படித்தாள், நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தேன். என் வளர்ப்பில் குறை என்று யாரும் விரல் நீட்டியதில்லை.

இந்தத் தை மாதம், அவள் குழந்தையின் பேழை திறக்க இரண்டு மாதம் இருக்கும்போது, கருவளர் கூடத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதைப் படித்தாள்.

"'தாய்வழியில் பிணைப்புக் குறைபாடு பதிவாகியுள்ளதால், குழந்தை முதல் நாற்பது நாள் பயிற்சி பெற்ற ஒப்புத்தாயிடம் பிணைக்கப்படும். பெற்றவர் கண்ணாடிக்கு அப்பால் இருந்து பார்க்கலாம்.' கண்ணாடிக்கு அப்பாலயாம் அப்பாரு. யாரோ ஒருத்திகிட்ட என் கொழந்தை ஒட்டிக்கும். நான் பாத்துட்டு நிக்கோணும்."

கடிதத்தை மடித்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"அந்தம்மா என்னையத்தான் விட்டுட்டுப் போச்சு. இப்ப என் கொழந்தையவும் எங்கிட்ட இருந்து எடுத்துக்குது. என்ன பாவம் பண்ணுனேன் அப்பாரு நான்?"

என் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். அழுகை அடங்கியது. எப்போதும் போல என்னிடம்தான் அடங்கியது. அந்த நிமிடம் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பதிவைத் திருத்த முடியுமா என்று விசாரித்தேன். முடியும். அன்று எழுதிக்கொடுத்தவர் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், பாதிக்கப்பட்ட தாயும் கையெழுத்துப் போட வேண்டும்.

தாரணி கரூரில் மண் பரிசோதனை நிலையத்தில் அதிகாரியாக இருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாடகைக் காரில் தனியாகப் போனேன். எண்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு வாசலில் போய் நின்றேன்.

கதவைத் திறந்தவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. ஒரு நொடி பார்த்தாள்.

"வாங்க மாமா."

இருபது வருடத்துக்குப் பிறகும் அதே 'மாமா'. உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொண்டுவந்தாள். நான் செம்பைத் தொடாமல், அலுவலகத்தில் அறிக்கை வாசிப்பது போலச் சொன்னேன்: "பதினோராவது கேள்விக்கு நான் எழுதுனது பொய். என் வேட்டி உள்ள போச்சு."

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"முப்பத்து ரெண்டாம் நாளே தெரியுமுங்க. மழை வந்துச்சுன்னு கொடியில காஞ்ச துணியெல்லாம் அள்ளிட்டு ஓடி வந்தேன். நீங்க அவுத்துக் கொடியில போட்டிருந்த வேட்டியும் அதுல சேந்து என் தோள் மேல கெடந்துச்சு. தொட்டில்ல கத்திட்டிருந்தா. அப்படியே எடுத்தேன். கப்புன்னு அழுகைய நிறுத்திட்டா. வேட்டி மேல மூக்கத் தேச்சா. நான் உக்காந்து வேட்டிய மேல போத்திட்டுப் பால் குடுத்தேன். குடிச்சாளுங்க மாமா. முதல் தடவையா என் மூஞ்சியப் பாத்துட்டே குடிச்சா."

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"நீங்க கட்டி அவுத்துப் போட்ட வேட்டியாப் பாத்து எடுத்து ஒளிச்சு வெச்சனுங்க. கதவச் சாத்திட்டு, அதைப் போத்திட்டுத்தான் பால் குடுப்பேன். அந்த வைக்கோல் கன்னுக்குட்டி கதை, நீங்கதான் சொன்னீங்க. இங்க ஏமாத்துனது மாடு, ஏமாந்தது கன்னு. அவ்வளவுதான்."

"ராசுவ நான் நிறுத்திட்டேன்."

"அது என் பாவமுங்க. அவரு வீட்டுக்கே போயிச் சொல்லிட்டேன். என்ன சொன்னாரு தெரியுமுங்களா? 'திருடன்னு பேரு வந்தது வந்துருச்சு அம்மணி, இன்னும் ரெண்டு வேட்டி வேணும்னா எடுத்துக்க'ன்னாரு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

"ஷகிலா கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"போன் பண்ணினேன். உங்க மாமனாரு டாக்டரு, துணி போகலைன்னு அவரே எழுதிக் குடுத்திருக்காருன்னாங்க. உங்க மகனைக் கேட்டேன். அப்பாகிட்டக் கேட்டுக்கோன்னாரு."

"எங்கிட்டக் கேக்கலையே."

"தெனமும் காபி வெச்சுட்டு நின்னனுங்களே மாமா. நாப்பதாம் நாள் வரைக்கும் நின்னேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு. உங்க முன்னால எனக்கு வார்த்தை வராது. அந்த வீட்ல யாருக்கு வந்துச்சு?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டர் கிளப்பினார்கள். தாரணி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"வாரியத்துக்குப் போன அன்னைக்கு உங்க வேட்டி ஒண்ணு என் பைக்குள்ள இருந்துச்சு" என்றாள். "தோள்ல போட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன்."

"ஏன் போடல?"

"போட்டு ஜெயிச்சா காலம் பூரா உங்க வாசத்தோடவே இருக்கோணும். அது தீந்து போச்சுன்னா மறுபடி உங்க வீட்டுக் கொடிக்குத்தான் வரோணும். அவளுக்கு என்னைய எப்பத் தெரியும்? ஒரு தடவையாவது வேட்டியில்லாம எங்கிட்ட வருவாளான்னு பாத்தேன். மூணு நிமிசம் பாத்தேன்."

படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பேனா எடுக்க உள்ளே போனாள். அவள் திரும்பி வந்தபோது நான் எழுந்து நின்றிருந்தேன். எங்கள் வீட்டில் மருமகள் வரும்போது மாமனார் எழுவதில்லை. யோசித்து எழவில்லை.  

"உக்காருங்க மாமா, முட்டி வலிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "ஒண்ணே ஒண்ணு. இதைக் கூடத்துல குடுக்கறதுக்கு முன்னால அவகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்பமாட்டா."

அன்று மாலையே செவ்வந்தியிடம் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் மாப்பிள்ளை பக்கத்தில்தான் இருந்தார். நடுவில் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அப்ப நான் உங்க மடியிலயே தூங்குனது?"

"மருந்து."

"காச்சல் வந்தப்ப உங்க துண்டப் புடிச்சுட்டே கெடந்தது?"

"அதும் அதுதான் அம்மணி."

"உங்களுக்கும் அந்த மருந்து குடுத்தாங்களா?"

"எனக்குக் குடுக்கல."

 "அந்த வீட்ல யாரும் சொல்லிக் குடுக்காம, மருந்தில்லாமப் பாசம் வெச்சது நீங்க ஒருத்தரு. அதுக்காக எங்க ரெண்டு பேரையும்..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. மறுநாள் காலை கரூருக்குப் போனாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கையெழுத்தான படிவத்தை நான் கூடத்தில் கொடுத்தேன். அதன்பின் ஏழு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும் போன் செய்து, பதிவு திருத்தப்பட்டதையும் ஒப்புத்தாய் தேவையில்லை என்று கடிதம் வந்ததையும் சொன்னார்.

ஊருக்கும் தெரிந்துபோயிற்று. திருமணத்துக்கு அழைக்க வந்தவர்கள் இருவர் முற்றத்தோடு பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ராசுவின் வீட்டைத் தேடிப் போனேன். அவன் இறந்து ஆறு வருடமாயிற்று என்று அவன் மகள் சொன்னாள். உட்காரச் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை.

பங்குனி கடைசியில் பேழை திறக்கும் நாள் வந்தது. என்னை யாரும் அழைக்கவில்லை. இருந்தாலும் போனேன். கூடத்தின் வெளிவாசலில், வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அவர்கள் கார் வந்தது. செவ்வந்தி இறங்கினாள். தாரணி அவள் பையை வாங்கிக்கொண்டாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். தாரணி தலையை லேசாக அசைத்தாள். செவ்வந்தி அசைக்கவில்லை. உள்ளே போய்விட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்து, சீருடையில் ஓர் இளம்பெண் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வெளியே வந்தாள்.

"செவ்வந்தி மேடத்தோட தாத்தா நீங்கதானுங்களா? இது அவங்க தலையணைக்குள்ள வெச்சுக் கொண்டு வந்திருந்தாங்க. ஃபாரம் எழுதறப்ப பதினோராவது கேள்விக்கு அவங்களாவே 'ஆமா, ஒரு துணி இருக்கு, வெளிய குடுத்துடறேன்'னு எழுதிட்டு எடுத்துக் குடுத்தாங்க. யார்கிட்டக் குடுக்கறதுன்னு கேட்டதுக்கு, வேப்பமரத்தடியில ஒருத்தரு இருப்பாருன்னாங்க."

வாங்கிப் பிரித்தேன். பச்சைக் கரை. அந்த நாளில் காணாமல் போன என் வேட்டிதான். போர்வை அளவுக்கு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்திருந்தது. ஒரு பக்கத்தில், தோளில் படும் இடத்தில், துவைத்தும் போகாத பழைய பால் கறை மஞ்சளாக இருந்தது. ஏழு வாரமும் என் பேத்தி எதை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது. கோபத்திலும் என்னை விடவில்லை என்று ஒரு கணம் என் நெஞ்சு மறுபடியும் நிமிர்ந்தது.

துணியை முகத்தருகே கொண்டுபோனேன். எனக்குக் கண் மங்கிவிட்டது, மூக்கு இன்னும் நன்றாகவே இருக்கிறது. மாட்டுக் கொட்டகையில் கண்ணை மூடிக்கொண்டு நோயைச் சொன்ன மூக்கு. முகர்ந்தேன். என் வாசம் அதில் துளியும் இல்லை. பழைய பாலும், வியர்வையும், ஈர மண்ணும், ஒரு பெண் இருபத்துநான்கு வருடம் தன் துணிகளுக்கு நடுவே வைத்திருந்த பெட்டியின் வாசமும் சேர்ந்து வேறொன்றாக இருந்தது. என் வீட்டில் இரண்டரை வருடம் வாழ்ந்து, எனக்குத் தினமும் காபி வைத்த ஒருத்தியின் வாசம் இதுதான் என்று அன்றுதான் அறிந்தேன்.

உள்ளே ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. என் கைகள் தாமாக நீண்டன. அவற்றை மடக்கி, துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அழுகை நின்றது.